ஃபார்முக்கு வெளியே நின்ற டிக்

கம்ப்யூட்டர் செக்ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் சிலர் போன மாதம் மத்திகிரியில் என் வீட்டைத் தேடி வந்திருந்தார்கள். காபி குடித்து முடித்ததும் ஒரு சந்தேகம் கேட்டார்கள். ஒரே பக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கிற கட்டங்களை எல்லாம் ஒரே சேவ் பட்டனுக்குள் கொண்டுவர அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று. பதில் சொன்னேன். அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தால், செய்த வித்தையை மட்டும் சொல்லியிருக்கிறேன், அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்லவில்லை. அதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாவதும் டைப்ரைட்டிங் ஹையரும்தான். அரூர் பக்கத்திலிருந்து வந்து, ஆபீசில் டைப் அடிக்கிறவனாகச் சேர்ந்தேன். டைப் மெஷினை எடுத்துவிட்டு அதே மேஜையில் கம்ப்யூட்டரை வைத்தபோது நானும் கூடவே மாறிக்கொண்டேன். மெஷினை மாற்றியது கம்பெனி, மாறுவதற்குப் புத்தி கொடுத்தது முருகன். காலையில் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒரு நாளும் ஆரம்பித்ததில்லை. ஒரு ஆயுத பூஜைக்கு நான் வைத்த குங்குமம் மௌசுக்குள்ளே இருக்கிற உருண்டையில் ஒட்டிக்கொண்டு, அம்புக்குறி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. முரளி சார்தான் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். "அண்ணா, அடுத்த வருஷம் சந்தனத்தோட நிறுத்திக்குவோம்" என்றார்.

முரளி சார் எங்கள் செக்ஷன் இன்சார்ஜ். என்னைவிட வயதில் சின்னவர். கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் வருகிற பக்கங்களை எழுதுவது அவர். எழுதினதைப் போட்டுப் பார்ப்பது, லைனில் இருக்கிறவர்களுக்குப் பழக்கிவிடுவது, புகார் வந்தால் ஓடுவது இதெல்லாம் நான்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த முதல் சில வருஷங்களில் நடந்தது இது. மோட்டார் சைக்கிளுக்குப் போகிற பிரேக் லீவர் செய்து, எல்லையைத் தாண்டி கர்நாடகாவில் இருக்கிற கஸ்டமருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பேட்ச்சும் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவர்கள் பேட்ச் நம்பரை ஸ்கிரீனில் போட்டு, அளவுகளைப் போட்டு, சேவ் அடிப்பார்கள். விரிசல், ஓட்டை என்று ஏதாவது கண்ணில் பட்டால் 'ஹோல்ட்' என்று இருக்கிற கட்டத்தில் டிக் போட வேண்டும். டிக் விழுந்த பேட்ச்சை ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் வண்டியில் ஏற்ற விடாது. அதோடு டிராலியிலும் ஒரு சிவப்பு அட்டை கட்டுவார்கள். அட்டையில் பேட்ச் நம்பர் எழுதுகிற வழக்கம் அப்போது கிடையாது.

முதலில் ஹோல்ட் கட்டம் கீழே, சேவ் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்தது. கிளவுஸ் போட்ட கையோடு மௌசைப் பிடித்தால் ஒன்றை அழுத்தப் போய் இன்னொன்று விழுந்துவிடுகிறது என்று சொன்னார்கள். வலது பக்கத்தில் லீவர் படம் இருக்கிறதே, அதற்குக் கீழே வைத்தால் படத்தைப் பார்த்துக்கொண்டே போடலாம் என்று கேட்டார்கள். கேட்டதில் முதல் ஆள் நாகரத்னா. முரளி சார் நகர்த்திக் கொடுத்தார். நான் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

நாகரத்னா கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, லைனில் பாதிப் பேரோடு கன்னடம், எங்களோடு தமிழ். கான்ட்ராக்டில் இருந்தவள். அந்த வருஷம் பெர்மனென்ட் ஆக வேண்டியவர்களில் அவள் பெயரும் இருந்தது. புருஷன் கொஞ்சம் நிலம் வைத்து முட்டைக்கோஸ் போடுகிறவர். இரண்டு பிள்ளைகள்.

கட்டம் இடம் மாறிச் சில நாள் போயிருக்கும். கஸ்டமரிடமிருந்து புகார் வந்தது. ஒரு பேட்ச் லீவரில் விரிசல். நல்லவேளை, வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் அவர்களே பிடித்துவிட்டார்கள். பார்த்து அனுப்பியது யார், அந்த ஆள் மேல் என்ன நடவடிக்கை, அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்றிருந்தது.

பேட்ச்சைப் பார்த்தது நாகரத்னா. குவாலிட்டி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்த பேட்ச்சின் ரெக்கார்டை பிரின்ட் எடுத்து வரச் சொன்னார். எடுத்துப் போனேன். அளவுகள் எல்லாம் இருந்தன. ஹோல்ட் இல்லை.

மேனேஜர் திருநெல்வேலிக்காரர். நல்ல மனுஷன், நெற்றியில் விபூதி இல்லாமல் பார்க்க முடியாது. பேப்பரை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீயே பாரு. நான் என்ன செய்யட்டும் சொல்லு."

"நான் டிக் போட்டேன் சார். விரிசல் கண்ணுக்கே தெரிஞ்சுது. அட்டையும் கட்டினேன்."

"அட்டையும் இல்ல, டிக்கும் இல்ல. ரெண்டும் எங்க போச்சு, காக்கா தூக்கிட்டுப் போயிட்டா?"

லைன் சூப்பர்வைசர் பழனி பக்கத்தில் நின்றிருந்தார். சேலத்துக்காரர், வாய் கொஞ்சம் அதிகம், மனசில் ஒன்றும் கிடையாது. அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார்.

"சார், கேட் பக்கத்துல பிள்ளையார் இருக்கறார். கற்பூரத்தை ஏத்தி, நான் டிக் போட்டது நெசம்னு அணைச்சிட்டு வரட்டும். அதுக்கு மேல நாம யாரும் பேச வேண்டாம்."

மேனேஜர் பேப்பரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி. சாமி முன்னாடி சொல்லிட்டாள்னா நானும் ஆளைப் போடாம பதில் எழுதுதேன். மெஷின் தப்புன்னோ என்னமோ ஒண்ணைச் சொல்லிக்கிடலாம்."

வெளியில் இருந்து பார்த்தால் இது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். எங்கள் ஃபேக்டரியில் அது சாதாரணம். டூல் காணாமல் போனாலும், டிபன் பாக்ஸ் மாறிப்போனாலும் பிள்ளையார்தான் பைசல் பண்ணுவார். நாலு பேரும் கேட்டுக்கு நடந்தோம். பழனி சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துத் தட்டில் வைத்து ஏற்றினார்.

"அணைச்சிடு கண்ணு. ஒரு நிமிஷ வேலை."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் அணைக்க மாட்டேன் அண்ணா."

"ஏன்?"

"எங்க வீட்ல சாமி மேல ஆணை போடறதில்ல. பொய்க்கு மட்டும் இல்ல, நெஜத்துக்கும் போட மாட்டோம். பிள்ளைங்க இருக்குது அண்ணா."

"நெசம்னா உனக்கு என்னத்துக்குப் பயம்?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. கற்பூரம் எரிந்து, தட்டில் கரி மட்டும் மிஞ்சியது. மேனேஜர் செருப்பைப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, முடிவு பண்ணிவிட்டார். பழனியும் தலையைக் குனிந்துகொண்டார். சாயங்காலம் பதிலில் கையெழுத்து விழும். ஆளை நிறுத்திவிட்டோம் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த ஆள் அவள்.

நான் கையில் அந்த பிரின்ட் பேப்பரோடு நின்றேன். என் வீட்டிலும் ஆணை வைக்கிற வழக்கம் கிடையாது. என் அப்பா ஒரு வரப்புத் தகராறில் இப்படித்தான் கற்பூரத்துக்கு முன்னால் நின்று மாட்டேன் என்று வந்தவர். நிலத்தில் ஒரு முழம் போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் குறையாகப் பேசி நான் கேட்டதில்லை. சாமியைக் கும்பிடுகிறவன் அவரைச் சாட்சிக்கு இழுக்க மாட்டான் என்று ஒரு கணக்கு எங்கள் மாதிரி ஆட்களிடம் உண்டு. மேனேஜர் குடும்பத்தில் வேறு பழக்கம், அவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"சார், சாயங்காலம் பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் கையெழுத்து வேண்டாம்."

"எதுக்கு சண்முகம்? நீதான பேப்பரை எடுத்துக் கொடுத்த?"

"பேப்பர்ல வந்ததை எடுத்துக் கொடுத்தேன் சார். லைன்ல இருந்து என்ன போச்சுன்னு நான் பார்க்கல."

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

வழக்கமாக எதையும் என் மேஜையில் உட்கார்ந்துதான் போட்டுப் பார்ப்பேன். அன்றைக்கு லைனுக்கே போனேன். சோதனைக்கென்று வைத்திருக்கிற பொய் பேட்ச் நம்பர் ஒன்றை அவளிடம் கொடுத்து, "அன்னைக்கு எப்படிச் செஞ்சியோ அப்படியே செய்யும்மா" என்றேன்.

கிளவுஸைப் போட்டுக்கொண்டாள். நம்பர் போட்டாள், அளவு போட்டாள், படத்துக்குக் கீழே டிக் போட்டாள், சேவ் அடித்தாள். 'பதிவாகிவிட்டது' என்று பச்சையில் வந்தது. நான் பழக்க தோஷத்தில் பேக் பட்டனை அழுத்தினேன். முந்தின பக்கம் வந்தது. டிக் அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா சார், இருக்குது."

எனக்கும் இருக்கிறது என்றுதான் பட்டது. எங்கள் செக்ஷனில் எல்லாருமே அப்படித்தான் பார்ப்போம். சேவ் அடி, பேக் போ, போட்டது இருந்தால் சரி. அது ஒரு வேகமான வழி. கட்டத்தை நகர்த்திய அன்றும் அப்படித்தான் பார்த்தது.

"நீ சேவ் அடிச்சதும் பேக் போய்ப் பார்ப்பியா?"

"எங்க சார் நேரம்? அடுத்த நம்பரைப் போட்டுட்டே போவேன்."

அவள் பேக் போவதில்லை. ஸ்டோர்ஸ்காரரும் பேக் போவதில்லை, அவர் தன் கம்ப்யூட்டரில் நம்பரைப் போட்டுத் திறப்பார். அப்படியானால் நானும் அங்கே போய்த்தானே பார்க்க வேண்டும்? ஸ்டோர்ஸுக்கு நடந்தேன். அதே நம்பரைப் போட்டேன். அளவுகள் வந்தன. ஹோல்ட் வரவில்லை.

முரளி சாரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் பக்கத்தின் உள் எழுத்துகளைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அண்ணா, ஃபார்ம் இந்த இடத்துல முடிஞ்சிடுது. படம் இருக்கிற கட்டம் அதுக்கப்புறம் வருது. டிக்கை நான் அங்க கொண்டுபோய் வெச்சிருக்கேன்."

உங்களுக்கு விளங்கும். வேறு யாராவது படித்தால் விளங்குவதற்காகச் சொல்கிறேன். ஃபார்ம் என்பது கம்பெனி பஸ் மாதிரி. சேவ் அடித்தால் பஸ் கிளம்பும். உள்ளே ஏறினவர்கள் மட்டும்தான் போய்ச் சேருவார்கள். பஸ்ஸை ஒட்டி, அதே யூனிஃபார்மில், அதே ஐடி கார்டோடு நிற்கிறவரைத் தூரத்திலிருந்து பார்த்தால் அவரும் பஸ்ஸில் வருகிற ஆள் என்றுதான் தோன்றும். பஸ் போன பிறகும் அவர் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பார். பேக் பட்டன் காட்டினது ஸ்டாப்பில் நின்ற ஆளை.

முரளி சார் கீபோர்டை இழுத்தார். இரண்டு வரியை மாற்றினால் சரியாகிவிடும், அவர் கை தானாகவே அங்கே போனது.

"இப்பத் தொடாதீங்க சார்" என்றேன்.

"என்னண்ணா சொல்றீங்க? தப்புப் பக்கம் ஓடிட்டு இருக்கு."

"சரி பண்ணிட்டா மேனேஜர்கிட்ட எதைக் காட்டறது? நம்ம ரெண்டு பேர் வாய் வார்த்தைதான் இருக்கும். அதுக்கும் கற்பூரம் கேப்பாங்க."

"அதுக்குள்ள இன்னொரு பேட்ச் வெளிய போனா?"

அவர் கேட்டது நியாயம். நான் சொன்னதும் நியாயம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தை ஓட விட்டால் விரிசல் லீவர் போகும், அது யாரோ ஒருவருடைய பிரேக். சரி பண்ணினால் இந்தப் பொம்பளைக்கு வேலை போகும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் முருகா என்றேன். பெரிய வழி ஒன்றும் தெரியவில்லை. ஸ்டோர்ஸ் வாசலில் நிற்கிற லாரிதான் கண்ணைத் திறந்ததும் தெரிந்தது. கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டியதில்லை, லாரியை நிறுத்தினால் போதும். லாரியை நிறுத்த எனக்கும் அதிகாரம் இல்லை, முரளி சாருக்கும் இல்லை. பழனியிடம் போய்ச் சொன்னேன்.

"எத்தினி நேரம்?"

"நான் மேனேஜரைக் கூட்டிட்டு வர்ற வரைக்கும்."

"டிரைவர் கன்னடத்துல திட்டுவான்."

"உங்களுக்குத்தான் கன்னடம் வராதே."

"அதனாலதான் கேக்கறேன், என்ன திட்டறான்னே தெரியாம எப்படி நிக்கறது?" என்று சொல்லிக்கொண்டே போய் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

மேனேஜர் அறையில் பதில் டைப் ஆகி மேஜையில் இருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை. நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நம்புவாரா மாட்டாரா என்ற பேச்சு வரும். "சார், ஒரு தடவை நீங்களே வந்து ஒரு டிக் போடுங்க" என்று மட்டும் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

லைனில் நாகரத்னா எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். இன்னொரு பொய் நம்பர் கொடுத்தேன். மேனேஜர் அளவைப் போட்டார், டிக் போட்டார், சேவ் அடித்தார். பச்சையில் வந்தது.

"போட்டாச்சு. இப்ப என்ன?"

"ஸ்டோர்ஸ்ல திறந்து பார்ப்போம் சார்."

ஸ்டோர்ஸில் அவரே நம்பரைப் போட்டார். திறந்தது. அவர் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார்.

"நான் போட்டேனே" என்றார்.

லாரிக்கு முன்னால் நின்றிருந்த பழனி உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெக்கார்டுல இல்லியே சார். கற்பூரம் இன்னொரு கட்டி பாக்கெட்ல இருக்குது, ஏத்தட்டுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் பழனியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்துவிட்டார். அதற்கு அப்புறம்தான் நாங்கள் மூச்சு விட்டோம்.

"நான்தான் சார் அந்தக் கட்டத்தை நகர்த்தினேன்" என்றார் முரளி சார். யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டார். மேனேஜர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "இப்ப சரி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

சிவப்பு அட்டை என்ன ஆனது என்பதும் அன்றைக்கே தெரிந்தது. எண்ணெய் போகக் கழுவுவதற்காக லீவர்களை வேறு டிராலிக்கு மாற்றியிருக்கிறார்கள். அட்டை காலி டிராலியோடு போய்விட்டது. காலி டிராலியில் எதற்கு அட்டை என்று யாரோ கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தின நாட்களில் ஹோல்ட் போட்ட மற்ற பேட்ச்சுகள் எல்லாம் அட்டை இருந்ததால் தப்பித்திருக்கின்றன. அட்டை காப்பாற்றிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் காப்பாற்றுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். லாரியில் ஏற்றியிருந்ததைப் பழனி இறக்கித் திரும்பப் பார்க்க வைத்தார். அதில் கெட்டது எதுவும் இல்லை. கஸ்டமருக்குப் போன பதிலில் ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கட்டம் இருந்த இடத்தைப் பற்றி இருந்தது. அட்டையில் பேட்ச் நம்பர் எழுதுவது மறுநாளிலிருந்து வழக்கமானது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏன் பக்கம் முழுவதையும் ஒரே ஃபார்முக்குள் போடவில்லை என்றால், தேடுவதற்கென்று இன்னொரு சின்ன ஃபார்ம் நடுவில் இருந்தது. ஃபார்முக்குள் ஃபார்ம் வைக்க முடியாது. அதனால் முரளி சார் உள்ளே ஒரு கண்ணுக்குத் தெரியாத கட்டம் வைத்தார். வெளியே டிக் விழுந்தால் உள்ளே இருக்கிறதில் எழுதிக்கொள்ளும். பஸ்ஸுக்கு வெளியே நிற்கிறவருக்காக உள்ளே ஒருவர் பெயர் கொடுப்பது மாதிரி. இன்றைக்கு உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கட்டம் எங்கே இருந்தாலும் இந்த ஃபார்மைச் சேர்ந்தது என்று அதிலேயே எழுதிவிட்டால் போதும் என்கிறீர்கள். நல்லது.

ஆனால் அன்றைக்கு முரளி சார் இன்னொன்றும் செய்தார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. டிக் கட்டம் ஒன்று இருக்கிறதே, டிக் போட்டால் ஏதோ ஒன்று போய்ச் சேரும். போடாவிட்டால் ஒன்றுமே போகாது. வழியில் தொலைந்துபோனாலும் ஒன்றுமே போகாது. போய்ச் சேர்ந்த இடத்தில் எங்கள் புரோகிராம், ஒன்றும் வரவில்லை, அப்படியானால் ஹோல்ட் இல்லை, லீவர் நல்லது என்று தானே முடிவு பண்ணிக்கொண்டது. அவர் டிக்கை எடுத்துவிட்டு 'அனுப்பலாம்', 'நிறுத்து' என்று இரண்டு வட்டங்கள் வைத்தார். இரண்டில் ஒன்றும் வராவிட்டால் சேவ் ஆகாது, திரும்பக் கேட்கும். பதில் வராததைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கிரீனிலும் சரி, ஆட்களிடமும் சரி. அந்தக் காலையில் கேட் பக்கத்தில் நாங்களும் அந்த புரோகிராம் செய்ததைத்தான் செய்யப் பார்த்தோம்.

அப்புறம் ஒன்று. போட்ட இடத்திலேயே நின்று பார்க்காதீர்கள். யார் கையில் போய்ச் சேருகிறதோ அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

மறுநாள் காலை கெலமங்கலம் பஸ்ஸும் எங்கள் மத்திகிரி பஸ்ஸும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. நாகரத்னா இறங்கி நேராகப் பிள்ளையார் முன்னால் போனாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தை எடுத்து ஏற்றினாள். அது எரிய எரியக் கும்பிட்டுவிட்டு, இரண்டு கையையும் அதன் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் வந்த பழனிக்கு வாய் சும்மா இருக்குமா?

"நேத்து அவ்வளவு தடவை கேட்டேன், கையைக் கட்டிட்டு நின்ன. இன்னிக்கு நீயே ஏத்தற?"

"இது கும்பிடறதுக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டு, நெற்றியில் விபூதியை வைத்துக்கொண்டு லைனுக்குப் போனாள்.